பின்னால ஒரு கூட்டம்

என்னிடம் ரெக்கார்டிங்குக்கு வருகிறவர்கள் பாட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள்: "அண்ணாச்சி, பின்னால ஒரு கூட்டம் பாடுற மாதிரி வேணும்." ஸ்டூடியோ என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் ஒரு சின்ன அறை. சுவரில் பழைய மெத்தை, கம்பளி. ஒரு மைக், ஒரு கணினி. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் மாடிப்படியில்தான் நிற்க வேண்டும். பாடும்போது ஃபேனை அணைத்துவிடுவதால் மே மாதத்தில் அந்த இரண்டாமவரும் படிக்கே போய்விடுவார்.

ஆனாலும் கூட்டம் வேண்டும். நவம்பர் பிறந்தால் கிறிஸ்துமஸ் பாட்டு, பிறகு பள்ளிக்கூட ஆண்டு விழாப் பாட்டு, கோயில் கொடை நெருங்கும்போது அம்மன் பாட்டு. எல்லார் காதிலும் சினிமாப் பாட்டு இருக்கிறது. அதன் பின்னணியில் கேட்கிற அந்த அகலம் தங்கள் பாட்டிலும் வர வேண்டும் என்பது ஆசை. நாலு கோரஸ் பாடகர்களைக் கூப்பிட்டுச் சம்பளம் கொடுக்கப் பணம் இருக்காது. வந்திருப்பவர் ஒருவர், குரல் ஒன்று. மிச்சத்தை நானும் மென்பொருளும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பின்பாட்டு எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. வில்லுப்பாட்டில் அண்ணாவி ஒரு வரி சொன்னால் குழு அதை வாங்கிப் பாடும். பஜனையிலும் அப்படித்தான். ஆனால் அங்கே எல்லாருக்கும் ஒரே சுரம். ஆணும் பெண்ணும் சேர்ந்தால் ஒரு ஸ்தாயி வித்தியாசம் வரும், அவ்வளவே. ஒரே நேரத்தில் ஆளுக்கொரு சுரம் பிடித்துப் பாடுவதை நான் கற்றது சிஎஸ்ஐ தேவாலயக் கொயரில். சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நாலு பிரிவு. ஞானப்பாட்டுகளைச் சோல்ஃபா எழுத்துப் பார்த்துப் படிப்போம். நான் டெனர். மெட்டு சொப்ரானோவுக்குப் போய்விடும். டெனருக்குக் கிடைப்பது அரை வரி முழுக்க ஒரே சுரம், பிறகு ஒரு படி இறக்கம், மறுபடி பழைய சுரம். அதை வீட்டில் தனியாகப் பாடினால் என் அம்மாவுக்கே என்ன பாட்டென்று பிடிபடாது. கொயர் மாஸ்டர் சொல்வார்: "ஒன் குரல் தனியா கேட்டுச்சுன்னா நீ தப்பா பாடுதன்னு அர்த்தம்ல."

இன்றைக்கு எனக்குக் கணினி அறிவைவிட அதிகம் கைகொடுப்பது அந்தச் சலிப்பான டெனர் வரிதான். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பையன்கள் முதன்மைக் குரலை அப்படியே நகலெடுத்து, மூன்றாம் சுரத்துக்குத் தூக்கி வைத்து, "செகண்ட்ஸ் போட்டாச்சு அண்ணே" என்கிறார்கள். மெட்டு ஏறி இறங்கும்போதெல்லாம் கூடவே இன்னொன்றும் அதே மாதிரி ஏறி இறங்கினால் காது இரண்டையும் துரத்தும். நடுவில் பாட்டின் சொல் காணாமல் போகும். பின்னணி வரி எவ்வளவு குறைவாக அசைகிறதோ அவ்வளவு நல்லது என்பது என் கட்சி. சினிமாவில் இதற்கு நேர் எதிர்த் திசையிலும் போய் ஜெயித்திருக்கிறார்கள். 'சிட்டுக்குருவி' (1978) படத்தின் 'என் கண்மணி' பாட்டில் இளையராஜா இரண்டு தனித்தனி மெட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஓடவிட்டார். அதற்கு இளையராஜாவாக இருக்க வேண்டும்.

மென்பொருளில் இரண்டு வழி உண்டு. ஒன்று, ஹார்மனி பிளக்-இன். ஸ்கேல் இன்னது, மேலே மூன்றாவது, கீழே நான்காவது என்று குறித்துவிட்டால் அது தானாகவே கூடப் பாடிக்கொண்டு வரும். இன்னொன்று, குரலை மெலோடைன் போன்ற ஒன்றில் திறந்து, ஒவ்வொரு சுரத்தையும் மவுஸால் பிடித்து வேண்டிய இடத்துக்கு நகர்த்துவது. முதலாவது டீ குடிக்கிற நேரத்தில் முடியும். இரண்டாவதுக்கு ஒரு சாயங்காலம் போகும்.

இந்தக் கருவிகளின் பூர்வீகம் வேடிக்கையானது. 1997இல் ஆட்டோ-ட்யூனைக் கொண்டுவந்த ஆண்டி ஹில்டெபிராண்ட் அதற்கு முன் எண்ணெய் வளம் தேடுகிறவர்களுக்காக நிலத்தடி அதிர்வுகளைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர். குரல் எந்தச் சுருதியில் நிற்கிறது என்று கண்டுபிடிக்கும் வித்தை அங்கிருந்து வந்தது. கண்டுபிடித்த சுருதியை எங்கே கொண்டுபோய் உட்காரவைப்பது என்பதை மட்டும் அது நம்மிடம்தான் கேட்கும். தமிழ் மெட்டுக்குத் தகராறு ஆரம்பிப்பதே அந்தக் கேள்வியில்தான்.

சங்கராபரணம் என்றால் கவலையில்லை, அது மேஜர் ஸ்கேல்தான். ச, ம, ப இவற்றின் மேல் வரும் மூன்றாவது சுரம் 4 அரைச்சுரம் தள்ளி இருக்கும்; ரி, க, த, நி இவற்றுக்கு 3 அரைச்சுரம். ஸ்கேலைச் சொல்லிவிட்டால் பிளக்-இன் இதைத் தானே கவனித்துக்கொள்ளும். கல்யாணியை மேஜர் என்று சொல்லிவிட்டால்தான் வினை. பிரதி மத்யமத்தைப் பிடித்துச் சுத்த மத்யமத்துக்கோ பஞ்சமத்துக்கோ இழுத்துவிடும். மலிவான பிளக்-இன்களில் மேஜர், மைனர் தவிர வேறு பட்டியல் இருப்பதில்லை. அங்கே எனக்குக் கைகொடுப்பது கிரக பேதம். 1 கட்டைச் சுருதியில் பாடும் கல்யாணிக்கு 5 கட்டை மேஜர் என்று போட்டால் அதே ஏழு சுரங்கள் கிடைக்கும். ஹரிகாம்போதிக்கு 4 கட்டை, நடபைரவிக்கு இரண்டரை, கரகரப்பிரியாவுக்கு ஆறரை, தோடிக்கு ஐந்தரை. சங்கராபரணத்தின் ஆதார சட்ஜத்தை மாற்றினால் இந்த ராகங்கள் பிறக்கும் என்று பாட்டு வாத்தியார்கள் சொல்லிக்கொடுப்பதைத் திருப்பிப் போட்டதுதான் இது.

மாயாமாளவகௌளைக்கு இந்தத் தந்திரம் பலிக்காது. எந்தக் கட்டையின் மேஜரிலும் அது அடங்காது. சரளி வரிசை கற்கும் குழந்தை முதல் நாளே பாடும் ராகம், மெஷினுக்கு வராது. சுரங்களைக் கையால் குறித்துத் தனி ஸ்கேல் உண்டாக்க வேண்டும். அப்படி உண்டாக்கிய பிறகும் ஒரு பள்ளம் இருக்கிறது. நிஷாதத்துக்கு மேல் ஒன்று விட்டு அடுத்த சுரம் சுத்த ரிஷபம். இடைவெளி 2 அரைச்சுரம்தான். மற்ற இடத்திலெல்லாம் இனிமையாக வந்த பின்னணி, நியில் வந்ததும் நெருக்கியடித்துக்கொண்டு கசக்கும். நான் அந்த ஓரிடத்தில் மட்டும் ரியை விட்டுவிட்டுக் கீழே பஞ்சமத்தைப் பிடித்துக்கொள்வேன். நிக்கும் பவுக்கும் 4 அரைச்சுரம், சுகமாக நிற்கும்.

மோகனம் இன்னொரு தினுசு. ஐந்தே சுரம். ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் சவுக்கு க கிடைக்கும், அது நல்ல மூன்றாவது. ஆனால் ரிக்கு ப, கவுக்கு த, பவுக்கு மேல் ச, தவுக்கு மேல் ரி. இந்த நாலும் 5 அரைச்சுரம் தள்ளி நிற்கும். பாட்டு முழுக்க இப்படிப் போட்டால் அம்மன் பாட்டு சீனத்துப் பாட்டாகிவிடும். மவையும் நியையும் பின்னணியில் சேர்த்துக்கொண்டு சினிமாக்காரர்கள் இதைச் சுலபமாகத் தாண்டிவிடுகிறார்கள். கொடைப் பாட்டில் எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. ஒரு குரலைச் சவிலும் இன்னொன்றைப் பவிலும் நிறுத்திவிட்டு, வரி முடியும் இடத்தில் மட்டும் க, த என்று விரிப்பேன். கேட்கிறவர்களுக்கு அது கூட்டமாகத்தான் படுகிறது.

சுரம் சரியானாலும் கமகம் இருக்கிறதே! ஹார்மனி பிளக்-இன் செய்தவர்கள் குரல் ஒரு சுரத்தில் வந்து நிற்கும் என்று நம்பிச் செய்திருக்கிறார்கள். தோடியின் காந்தாரம் ரியையும் மவையும் தொட்டுத் தொட்டு ஆடும். ஒவ்வொரு முறை எல்லையைத் தாண்டும்போதும் பிளக்-இன் அடுத்த சுரத்துக்கு ஒரு குதி குதிக்கும். முன்னால் பாட்டு, பின்னால் தவளை. மெலோடைனில் கையால் நகர்த்தினால் குதி இருக்காது. ஆனால் நகலும் அசலும் ஒரே அசைவை ஒரே கணத்தில் அசையும். எந்த இரண்டு மனிதர்களும் அப்படிப் பாடியதில்லை. அதனால் நகலில் பிட்ச் மாடுலேஷன் என்று இருப்பதைக் குறைப்பேன். முழுக்க நேராக்கினால் குரல் செத்துவிடும். கால்வாசி ஆட்டத்தை விட்டுவைத்தால் பின்னால் ஒருவர் அடக்கமாகப் பாடுவது போலிருக்கும்.

இதைவிட நல்ல வழி, பின்னணிக்கென்று தனியாகக் கமகமில்லாமல் பாடச் சொல்வது. சொல்வது சுலபம். ஓய்வுபெற்ற பாட்டு டீச்சர் ஒருவரிடம், "டீச்சர், அசைவில்லாம நேரா நோட்டை மட்டும் பாடுங்களேன்" என்றேன். "நேரா நின்னா எனக்குச் சுருதி வெலகிரும் தம்பி, அசைஞ்சாத்தான் அது எங்க இருக்குன்னே தெரியும்" என்றார். அவர் சொன்னது மெய். ஆடி ஆடித்தான் அவர் சுரத்தின் நடுவைக் கண்டுபிடிக்கிறார். கடைசியில் சொல்லை எடுத்துவிட்டு வெறும் அகாரமாகப் பாடச் சொன்னேன். சொல் போனதும் கமகமும் பாதி போயிற்று. அதை வைத்துக்கொண்டு நகர்த்தினேன்.

ஒரே குரலை அடுக்கிக் கூட்டமாக்குவது பழைய வித்தைதான். லெஸ் பாலும் மேரி ஃபோர்டும் 1951இல் வெளியிட்ட 'ஹவ் ஹை தி மூன்' வீட்டு ரெக்கார்டிங்குக்கே மூத்த அண்ணன். மேரி ஃபோர்டின் ஒரே குரல் அடுக்கடுக்காகக் கேட்கும். அன்றைக்குத் தனித்தனி டிராக் கிடையாது. பதிந்ததை ஓடவிட்டு, அதன் மேல் பாடி, இரண்டையும் சேர்த்துப் புதிதாகப் பதிய வேண்டும். ஓரிடத்தில் பிசகினால் எல்லாம் போச்சு. ஒவ்வொரு அடுக்குக்கும் முந்தைய அடுக்கின் தெளிவு கொஞ்சம் மங்கும். ஆகவே முக்கியமில்லாதவற்றை முதலில் பதிந்து, முதன்மைக் குரலைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார்கள். நாம் இன்று செய்வது தலைகீழ். முதன்மையை முதலில் பதிந்து, அதிலிருந்தே பின்னணியைச் செதுக்குகிறோம். இதனால் ஒரு விசித்திரம் நடக்கிறது: முன்னால் பாடுகிறவருக்குத் தன் பின்னால் கூட்டம் நிற்பதே தெரியாது. அவர் வெறும் தம்பூராவையும் தாளத்தையும் கேட்டுப் பாடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

கொயரில் நின்றவனுக்கு இது பொறுக்காது. அங்கே பக்கத்துக் குரல் காதில் விழ விழத்தான் நம் குரல் இடம் மாறும். அதனால் என் வழக்கம் இது. முதலில் பாடியதை வைத்து மென்பொருளில் அவசரமாக ஒரு பின்னணி போடுவேன். ஓட்டை உடைசல் இருந்தாலும் பரவாயில்லை. அதைப் பாடகரின் ஹெட்ஃபோனில் கொடுத்து, முதன்மைக் குரலைத் திரும்பப் பாடச் சொல்வேன். வித்தியாசம் கேட்டால்தான் நம்புவீர்கள். பின்னால் குரல்கள் விரியும் இடத்தில் அவர் தானாகவே கமகத்தைச் சுருக்கி சுரத்தை நீட்டிப் பிடிப்பார். அவை அடங்கும் இடத்தில் தன் சங்கதியைப் போடுவார். நான் ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாம் முறை பாடச் சொல்வதற்கு முகம் சுளிக்கிறவர்களும் உண்டு, வாடகை மணிக்கணக்கில் என்பதால். அந்த நேரத்துக்கு நான் காசு வாங்குவதில்லை.

அடுத்த சிக்கல், நகல் நகலாகவே இருப்பது. ஒரு குரலை அப்படியே இரண்டாக்கினால் சத்தம் கூடுமே தவிர ஆள் கூடாது. கொஞ்சம் தள்ளி வைத்தால் தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவது போலாகும். 1966இல் அபே ரோடு ஸ்டூடியோவில் கென் டவுன்ஸெண்ட் இதற்காகவே ஓர் ஏற்பாடு செய்தார். பீட்டில்ஸ் ஒரே வரியை இரண்டு முறை பாடச் சலித்துக்கொண்டதால், இன்னொரு டேப் மெஷினில் நகலை ஓட்டி, அதன் வேகத்தை இலேசாக அலையவிட்டார். அந்த அலைச்சல்தான் விஷயம். 10சிசி குழுவினர் 1975இல் 'ஐம் நாட் இன் லவ்' பாட்டுக்காக ஒவ்வொரு சுரத்தையும் மூன்று பேராக 16 முறை பாடி, 48 குரலாக்கினார்கள். நகலெடுக்கத் தெரியாமல் அல்ல. ஒவ்வொரு முறையும் மனிதன் கொஞ்சம் மாறிப் பாடுவான், அந்த மாற்றம்தான் காதுக்குக் கூட்டம்.

எனக்கு 48க்கு வழியில்லை. பாடகரின் தொண்டை தாங்கும் வரை ஒவ்வொரு வரியையும் மறுபடி மறுபடி பாடவைத்து, வேறு வேறு டேக்கிலிருந்து வேறு வேறு குரலைச் செய்வேன். ஆல்டோ ஒரு டேக்கிலிருந்து, டெனர் இன்னொன்றிலிருந்து. பிறகு ஃபார்மண்ட். சுருதியை மாற்றும்போது வாய், தொண்டை இவற்றின் சாயலையும் சேர்த்து இழுத்தால், 1958இல் ராஸ் பாக்தசாரியன் டேப்பின் வேகத்தை மாற்றிச் செய்த சிப்மங்க் அணில் குரல் வந்துவிடும். இரண்டையும் பிரித்தாள இப்போதைய மென்பொருள் விடுகிறது. சுருதியை அங்கேயே வைத்து, ஃபார்மண்டை மட்டும் கொஞ்சம் இறக்கினால் அதே பெண்ணின் அக்கா பாடுவது போலிருக்கும். கொஞ்சம்தான். அதிகம் இறக்கினால் மாமா வந்துவிடுவார்.

நேரத்தையும் கலைக்க வேண்டும். ஒரு குரல் 15 மில்லிசெகண்ட் பிந்தி, இன்னொன்று 25 பிந்தி, ஒன்று இடது காதில், ஒன்று வலது காதில். இங்கே தமிழுக்கென்று ஒரு தொல்லை: வல்லின ஒற்று. 'கர்த்தர்', 'வெற்றி', 'பக்கத்தில்' இவற்றை ஐந்து குரல் ஐந்து நேரத்தில் சொன்னால் அரிசியில் கல் பொறுக்குகிற சத்தம் கேட்கும். கொயரில் சொல்லின் கடைசி மெய்யெழுத்தை எல்லாரும் அழுத்தாதீர்கள் என்பார்கள். நானும் பின்னணிக் குரல்களில் க், த், ற் எல்லாவற்றையும் மழுக்கிவிட்டு உயிரெழுத்துகளை மட்டும் நிற்கவிடுவேன். முதன்மைக் குரலின் ஒற்று ஒன்றே எல்லாருக்கும் போதும். பின்னணியை மட்டும் தனியாகப் போட்டுக் கேட்டால் பல்லில்லாத தாத்தாக்கள் பாடுவது போலிருக்கும். சேர்த்துக் கேட்டால் சுத்தமாக இருக்கும்.

வீட்டு ரெக்கார்டிங்கில் எங்கோ ஒரு காகம் கரையத்தான் செய்யும். ஒரு குரலில் அது கேட்கவே கேட்காது. அந்த டேக்கிலிருந்து ஹார்மனி செய்தால் காகமும் மூன்றாம் சுரத்தில் ஒன்று, ஐந்தாம் சுரத்தில் ஒன்று என்று கூடிவிடும். ராகம் பிசகாமல் கரையும். பக்கத்து வீட்டு குக்கர் விசிலுக்கும் அப்படியே. ஆகவே நகர்த்துவதற்கு முன் இடைவெளிகளையெல்லாம் வெட்டித் துடைப்பது முதல் வேலை.

கடைசிச் சீரமைப்பில் காந்தாரத்தைக் கொஞ்சம் கீழே இறக்குவேன். கீபோர்டின் அந்தர காந்தாரம் சட்ஜத்திலிருந்து 400 சென்ட். தம்பூராவோடு ஒட்டி நிற்பது 386. இந்த 14 சென்ட் தனியாகக் கேட்டால் யாருக்கும் தெரியாது. மூன்று குரல் சேர்ந்து நீட்டிப் பிடிக்கும்போது மட்டும் ஒரு நடுக்கம் அடங்குவது தெரியும். நல்ல கொயர்கள் இதைத் தெரியாமலேயே செய்கின்றன. பாட்டில் கீபோர்டும் அதே காந்தாரத்தை வாசித்துக்கொண்டிருந்தால் நான் கைவைப்பதில்லை, இரண்டும் உரசும்.

இப்போது செயற்கை நுண்ணறிவில் ஒரு குரலை வேறொருவர் குரலாகவே மாற்றலாம். 1993இல் 'திருடா திருடா' படத்தில் பின்னணிக்கு வாத்தியம் இல்லாமல் குரல்களாலேயே கட்டிய 'ராசாத்தி'யை முன்னின்று பாடியவர் ஷாகுல் ஹமீது. அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 2024இல் வந்த 'லால் சலாம்' படத்துக்கு ஏ.ஆர்.ரஹ்மான் அவர் குரலையும் மறைந்த பாடகர் பம்பா பாக்யாவின் குரலையும் இந்த முறையில் பயன்படுத்தினார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றதாகவும் சன்மானம் கொடுத்ததாகவும் வெளிப்படையாகச் சொன்னார். என்னிடமும் கேட்கிறார்கள், "இன்னார் குரல்ல கோரஸ் போட முடியுமா?" என்று. முடியும். நான் போடுவதில்லை. பாட வந்தவரின் குரலைப் பத்தாக்குவதற்கு அவர் சம்மதித்திருக்கிறார், இன்னார் சம்மதிக்கவில்லை.

அதற்குப் பதிலாக நான் அடிக்கடி செய்கிற வேலை இன்னொன்று. மென்பொருளில் செய்த ஆல்டோவைத் தனியாக ஒரு ஃபைல், டெனரைத் தனியாக ஒரு ஃபைல் என்று பிரித்து, கொயரில் பாடும் தெரிந்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். சோல்ஃபா படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனால் காதில் கேட்டால் இரண்டு நாளில் பிடித்துக்கொள்கிறார்கள். சமையல் செய்துகொண்டே, பஸ்ஸில் போய்க்கொண்டே கேட்பார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து ஒவ்வொருவராக அந்த அறையில் நின்று பாடிவிட்டு, ஒரு காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். மெஷின் குரல்களை அணைத்துவிட்டு இவர்களை வைப்பேன். ஒன்றிரண்டை அடியில் மெல்லியதாக விட்டுவைப்பதும் உண்டு, கனத்துக்காக.

அவர்களில் ஆல்டோ அக்கா ஒருவர் முதல் வரி பாடிவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றினார். "நோட்டெல்லாம் சரிதான் தம்பி. மூச்சு எங்க எடுக்க? நீ அனுப்புன பொம்பள எங்கயும் எடுக்கலையே." மெலோடைன் ஆல்டோ நாலு அடியை ஒரே மூச்சில் பாடியிருந்தது, இடைவெளிகளைத் துடைக்கும்போது மூச்சும் போய்விடுகிறது. அந்த வரியை அக்கா தானே இரண்டாக உடைத்து, 'பாதம்' முடிந்த இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டார். அந்த அரைக் கணத்தில் டெனர் தனியாகத் தெரிந்தது. நன்றாகவே இருந்தது, விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் அனுப்புவதற்கு முன் எல்லாப் பகுதிகளையும் நானே உரக்கப் பாடிப் பார்த்து மூச்சுக்கு இடம் குறித்துவிடுகிறேன். சொப்ரானோ வரும் அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்.